பாணியும் பட்டாவும்

சென்ற இதழில் நண்பர் ஒருவர் எழுதியிருந்த கட்டுரைக்கு இது பதில். பதில் என்பதைவிடக் கடன் அடைப்பு என்று சொல்வது சரியாக இருக்கும். லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கும் பொன்பூசிய தாரா சிலையைப் பற்றிய அவர் கட்டுரை நான்கு படிகளில் ஏறிப் போகிறது. சிலையின் பாணி பல்லவ பாணி. பல்லவம் என்றால் தமிழ். தமிழ்ப் பாணி என்றால் செய்தவன் தமிழன். தமிழன் செய்தது என்றால் அது கிடைத்த கிழக்கிலங்கைக் கரையும் ஆதியிலிருந்தே தமிழனுடையது. நான்காம் படியில் நின்றுகொண்டு அவர் கொழும்பையும் லண்டனையும் ஒருசேர ஒரு கை பார்த்திருக்கிறார். நம் வட்டத்தில் நாலைந்து பேர் 'பிரமாதம்' என்று எனக்கே கடிதம் போட்டார்கள்.

முதல் படிக்கு அவர் காட்டியிருக்கும் சாட்சி நான்தான். இருபது வருஷங்களுக்கு முன், இன்று பெயர்கூட யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு சிறு பத்திரிகையில், இந்தச் சிலையைக் குறித்து 'தூய பல்லவ பாணி' என்று எழுதினேன். அப்போது நான் சிலையைப் பார்த்ததில்லை. ஒரு கலை வரலாற்றுப் புத்தகத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதன் கீழ் இரண்டு வரிகள். மாமல்லபுரத்துப் பெண்ணுருவங்கள் நினைவுக்கு வந்தன, எழுதிவிட்டேன். 'தூய' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று இன்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. இப்போது நண்பர் அதன்மேல் வீடே கட்டிவிட்டார். அஸ்திவாரம் போட்டவன் என்கிற முறையில் இடிக்கிற வேலையும் என்னுடையதுதான்.

மூன்று வருஷங்களுக்கு முன் லண்டனில் அந்தச் சிலையின் எதிரே நின்றேன். உயரம் 143 சென்டிமீட்டர். ஏறத்தாழ ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமியின் உயரம். புத்தகத்துப் படம் இதைச் சொல்லவில்லை. படத்தில் எல்லாச் சிலைகளும் ஒரே உயரம்தான். மாமல்லபுரத்துப் பாறையும் பூஜையறைப் படிமமும் அங்கே சமம். முதலில் தெரிந்தது இதுதான்: இது உள்ளங்கையில் ஏந்துகிற சாமி அல்ல, உற்சவத்துக்குத் தூக்குகிற சாமியும் அல்ல. நம்மைப்போல் தரையில் நிற்கிற உடம்பு. தலையில் உயர்ந்து குறுகும் ஜடாமகுடம். அதன் முகப்பில் ஒரு குழி. அதில் ஒரு பெரிய மணி பதித்திருந்தார்கள் என்று கருதுகிறார்கள். இடுப்புக்கு மேல் ஆடை இல்லை. இடுப்புக்குக் கீழே, உடம்போடு ஒட்டிய மெல்லிய துணி. இடை மிகச் சிறிது. இடுப்பு ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கிறது. வலது கை கீழே தாழ்ந்து உள்ளங்கை நம் பக்கம் திரும்பி வரதமாக இருக்கிறது. இடது கை ஒரு பூவைப் பிடித்திருந்த விரல்களோடு நிற்கிறது, பூ இல்லை.

மெழுகில் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றிச் செய்த கனவார்ப்பு. உள்ளே கூடு கிடையாது, முழுக்க உலோகம். மேலே பொன். காலம் 8ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். அநுராதபுர ராஜ்யத்தின் பிற்பகுதி.

நண்பருடைய முதல் படிக்கு வருகிறேன். பல்லவத் தொடர்பு பொய் என்று நான் சொல்லவில்லை. மானவம்மன் என்ற சிங்கள இளவரசன் காஞ்சியில் அடைக்கலம் புகுந்து, முதலாம் நரசிம்மவர்மனின் போர்களில் கூட நின்று, பிறகு பல்லவப் படையின் துணையோடு திரும்பி வந்து 684 வாக்கில் அநுராதபுரத்தில் அரசேறிய கதை எல்லோருக்கும் தெரிந்தது. அவன் வழியினர்தான் தாரா வார்க்கப்பட்ட காலத்தில் அங்கே ஆண்டவர்கள். வஜ்ரபோதி என்ற துறவி பல்லவ நாட்டிலிருந்து இலங்கைக்குப் போய் அபயகிரி விகாரையில் தங்கி, பிறகு கடல்வழியாகச் சீனத்துக்குப் போய் 720 வாக்கில் அங்கே சேர்ந்தார். அவர் சீடர் அமோகவஜ்ரர் 741இல் சீனத்திலிருந்து கிளம்பி, நூல்கள் தேடி இலங்கைக்கு வந்து திரும்பினார். ஆட்கள் போனார்கள், வந்தார்கள். ஆட்களோடு ஏடுகளும் தேவதைகளும் கைத்திறனும் போய் வந்தன. இதில் சண்டை இல்லை.

சண்டை, இதற்குப் பிறகு நாம் உபயோகிக்கிற ஒரு சொல்லோடு. பாதிப்பு. 'பல்லவ பாதிப்பு' என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. மேல்வீட்டுக் குழாயிலிருந்து கீழ்வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் இறங்குவதுபோல, கலை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இறங்குகிறது. கீழே இருப்பவனுக்குத் தொட்டியை வைத்துக்கொண்டு காத்திருப்பது மட்டுமே வேலை. இந்தச் சித்திரத்தில் சிலையை வார்த்த ஆளுக்கு இடமே கிடையாது. அவன் ஊரார் அறிந்த ஒரு கைவினைஞனாக இருந்திருப்பான். எத்தனையோ படிமங்கள் வார்த்து, சிலவற்றை விரிசல் விட்டுப் பாழாக்கி, கற்றுக்கொண்டிருப்பான். அவன் எதைப் பார்த்தான், பார்த்ததில் எதை எடுத்தான், எதை வேண்டாம் என்று தள்ளினான் என்பதுதான் பாணி என்ற சொல்லுக்குள் இருக்க வேண்டிய விஷயம். 'பாதிப்பு' என்ற சொல் அதைத் துடைத்துவிடுகிறது.

நண்பர் கேட்பார்: தாய் எங்கே என்று தெரிந்துகொள்வது தப்பா? தப்பில்லை. ஆனால் தாயைக் காட்டட்டும். பல்லவர் காலத்தவை என்று நிச்சயமாகச் சொல்லத்தக்க உலோகப் படிமங்கள் மிகச் சில. அவையும் சிறியவை. மாமல்லபுரத்தில் இருப்பது கல். அதிலும் பெரும்பகுதி பாறையிலிருந்து பாதி வெளிவந்த புடைப்புருவம். கல்லைக் குடைகிறவன் இருப்பதிலிருந்து கழித்துக்கொண்டு போகிறான். மெழுகில் செய்கிறவன் இல்லாததைக் கூட்டிக்கொண்டு போகிறான். கல்லில் முதுகைச் செய்யாமல் விட்டுவிடலாம், பாறை பார்த்துக்கொள்ளும். சுற்றிலும் காற்று சூழ நிற்கிற உலோக உருவத்துக்கு முதுகு வேண்டும், பக்கவாட்டு வேண்டும், தன் எடையைத் தானே தாங்கும் கணுக்கால் வேண்டும். இந்த அளவில், இந்தப் பூரணத்தில், 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் உலோகப் பெண்ணுருவத்தைத் தமிழ்நாட்டில் எனக்கு யாரும் காட்டியதில்லை. நாம் மார்தட்டிக்கொள்ளும் பெரிய சோழப் படிமங்கள் செம்பியன் மாதேவியின் காலத்திலிருந்து, அதாவது 10ஆம் நூற்றாண்டிலிருந்து வருகின்றன. காலக்கணக்குதான் பாதிப்புக்குச் சாட்சி என்றால் சோழ வார்ப்பில் இலங்கைப் பாதிப்பு என்று ஒருவன் எழுதலாம். அதுவும் இதே அளவுக்கு அசட்டுத்தனமாக இருக்கும். நண்பருக்கு அப்போதுதான் அது அசட்டுத்தனம் என்று தெரியும்.

கனவார்ப்பு என்ற முறை தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொது. வடக்கே சுல்தான்கஞ்ஜில் கிடைத்த பெரிய புத்தர் போன்றவை உள்ளீடு வைத்து வார்த்த கூட்டுவார்ப்புகள். ஆக, பட்டறை மட்டத்தில் ஓர் உறவு இருக்கிறது. அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஒரே மாதிரி அடுப்பு மூட்டுகிற இரண்டு வீட்டில் ஒரே சமையல் என்று யாரும் சொல்வதில்லை.

நான் பழைய கட்டுரையில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. பொன். கறுப்பு வெள்ளைப் படத்தில் பொன் தெரியாது என்று சமாதானம் சொல்லலாம். நண்பர் வண்ணப் படம் பார்த்தவர்; அவரும் 'தகதகக்கும்' என்ற ஒரு பெயரெச்சத்தோடு நிறுத்திக்கொண்டார். நகைக்கடை விளம்பரத்தில் வருகிற சொல் அது.

அந்நாளில் பொன் பூசிய முறை பரவலாக இது: பொன்னைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்குவார்கள். சுத்தம் செய்த உலோகத்தின்மேல் அதைத் தேய்த்துச் சூடேற்றுவார்கள். பாதரசம் ஆவியாகப் போய்விடும். பொன் உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். பிறகு மெருகிடுவார்கள். அந்த ஆவி விஷம். பூசுகிறவனின் நுரையீரலையும் நரம்பையும் தின்னும். இன்னொன்று: இப்படிப் பூசப்போகிற உருவத்தின் உலோகத்தில் ஈயம் அதிகம் சேரக்கூடாது, சேர்ந்தால் சூட்டில் பொன் கறைபட்டுப் போகும். ஈயம் குறைந்து செம்பு மிகுந்த உலோகமோ ஊற்றுவதற்குச் சுலபமானதல்ல. சீக்கிரம் உறையும், குமிழி விடும், மூலைமுடுக்குக்குள் ஓடாது. அதாவது இத்தகைய வேலையில் பொன் கடைசியில் வந்து சேர்கிற அலங்காரம் அல்ல. மெழுகில் கை வைப்பதற்கு முன்பே, எந்த உலோகம் என்பதைப் பொன் தீர்மானித்துவிடுகிறது. உருவம் என்றும் உள்ளடக்கம் என்றும் வருஷக்கணக்காக நாம் அடித்துக்கொண்டோமே, அந்தச் சண்டைக்கு ஒரு கொல்லன் இங்கே பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

தமிழ்நாட்டுப் படிமத்தில் பொன்பூச்சு வழக்கமில்லை. நம் நடராஜரும் பார்வதியும் கரிய உலோகத்தில் நிற்கிறார்கள். ஆரமும் கேயூரமும் ஒட்டியாணமும் வார்ப்பிலேயே இருக்கின்றன. கோயிலில் அவற்றின் மேல் மறுபடி பட்டும் பூவும் நகையும் சார்த்துகிறார்கள். தாராவின் மார்பில் ஆரம் இல்லை, கச்சு இல்லை. அங்கே இருப்பது வளைந்து திரும்புகிற ஒரு பரப்பு. அதன்மேல் வெளிச்சம் தங்கு தடையில்லாமல் வழிந்து போகிறது. நான் நின்ற நேரத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக் கூட்டம் கடந்து போயிற்று. அவர்களுடைய நிழல் போன திசையில் அந்த உடம்பின் ஒளியும் கூடவே நகர்ந்தது. ஆரம் ஒன்று இருந்திருந்தால் இது நடந்திருக்காது. புத்தரின் 32 மகாபுருஷ லக்ஷணங்களில் பொன்னிற மேனியும் ஒன்று. அந்த மரபில் வந்தவனுக்குப் பொன் செல்வத்தின் குறி அல்ல, தோலின் நிறம். அந்தத் தோலின்மேல் நகை எதற்கு என்று அவன் நினைத்திருக்க வேண்டும். இது என் ஊகம்; ஆனால் சிலையைப் பார்த்து எழுந்த ஊகம். கொழும்பு மியூஸியத்தில் உள்ள, வெகரகலவில் கிடைத்த அமர்ந்த அவலோகிதேசுவரரும் பொன்பூசியவர்தான். அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தாராவை மாமல்லபுரத்து மகிஷமர்த்தினியோடு ஒப்பிட்டுக் காலம் கழித்ததைவிட அதில் பயன் இருந்திருக்கும்.

இனி வெள்ளைக்காரன் பார்த்த விதம். சிலையைக் கொண்டுபோனவர் சர் ராபர்ட் பிரவுன்ரிக். 1812இலிருந்து 1820 வரை இலங்கையின் கவர்னர். 1815இல் கண்டி ராஜ்யம் விழுந்ததும், 1817–18 கிளர்ச்சி நசுக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். 1830இல் சிலை பிரிட்டிஷ் மியூஸியத்துக்குப் போயிற்று. போனதும் அதை மக்கள் பார்வைக்கு வைக்கவில்லை. ஏறக்குறைய முப்பது வருஷம் உள்ளறையில் வைத்துப் பூட்டி, அறிஞர்கள் கேட்டால் மட்டும் காட்டினார்களாம். 2010இல் அந்த மியூஸியத்தின் அப்போதைய இயக்குநர் நீல் மெக்ரிகர், நூறு பொருள்களில் உலக வரலாறு சொன்ன தமது வானொலித் தொடரில் இதை 54ஆவதாக வைத்துப் பேசியபோது இந்த விவரத்தை ஒளிக்காமல் சொன்னார். கிரேக்க நிர்வாணங்களுக்கு நடுக்கூடம், இவளுக்கு இருட்டறை. தங்கள் நிர்வாணம் கலை, அடுத்தவன் நிர்வாணம் ஆபாசம்.

இதைப் படித்துவிட்டு நாம் சிரிக்கிறோம். நண்பரும் சிரித்திருக்கிறார். ஆனால் அவர் கட்டுரையின் நடுவில் ஒரு பத்தி வருகிறது: இந்த உடலில் காமம் இல்லை, இது தாய்மை, இதைக் காமக் கண்ணோடு பார்ப்பது மேல்நாட்டுப் பார்வை. விக்டோரியா காலத்து மியூஸியக்காரர் சிலையை உள்ளே வைத்துப் பூட்டினார். நண்பர் சிலையை வெளியே வைத்துவிட்டு அதன் மார்பையும் இடுப்பையும் மட்டும் பூட்டுகிறார். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த இடுப்பை அப்படிச் சாய்த்தவன் அதை அறியாமல் செய்யவில்லை. காமத்துக்கும் கருணைக்கும் நடுவே நாம் போட்டிருக்கும் வேலி அவனிடம் இல்லை. அல்லது வேறு இடத்தில் இருந்தது. தாழ்ந்திருக்கும் அந்த வலது கைதான் சிலையின் மையம். நாம் மேலே பார்க்க வேண்டிய உயரத்தில் அது இல்லை. நாம் கையை நீட்டினால் எட்டுகிற இடத்தில் இருக்கிறது. சம்சாரக் கடலைத் தாண்டுவிக்கிறவள் என்று அவள் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். தாண்டுவிக்கிறவளுக்கு உடம்பு வேண்டும் என்று வார்த்தவன் நினைத்தான். நமக்கு அது சங்கடமாக இருந்தால் சங்கடத்தை ஒப்புக்கொள்வதே நேர்மை.

அடுத்தது, நண்பர் துருப்புச் சீட்டாக இறக்கிய 'பத்தினி'. ஒரு காலத்தில் இந்தச் சிலையைப் பத்தினி தெய்வம் என்றே குறித்தார்கள். உண்மை. சிங்களவரின் பத்தினி நம் கண்ணகி. மட்டக்களப்புப் பக்கம் கண்ணகி அம்மனாக வைகாசியில் குளிர்த்தி பெறுகிறவள். இதுவும் உண்மை. ஆகவே சிலை கண்ணகி, ஆகவே சிலப்பதிகாரம், ஆகவே நாம் என்று நண்பர் மூன்று 'ஆகவே' போட்டிருக்கிறார். கண்ணகி என்றால் சிலம்பு எங்கே? மேலே ஓங்கிய கையோ, வழக்குரைக்கிற சினமோ எங்கே? வரதமும் ஜடாமகுடமும் போதிசத்துவ உருவங்களின் சொத்து. பெயர் தெரியாத ஒரு பெண் தெய்வத்துக்கு, இலங்கையில் எல்லோருக்கும் தெரிந்த பெண் தெய்வத்தின் பெயரை அன்று வைத்தார்கள். பிறகு மகாயானப் படிமங்களைப் பற்றிய அறிவு வளர்ந்தது, பெயர் மாறியது. பழைய தப்பு நமக்குச் சௌகரியமாக இருக்கிறது என்பதற்காக அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாமா?

எதிர்த்தரப்பு ஒன்று இருக்கிறது. அதையும் விட்டுவைக்கப் போவதில்லை. கடல் தாண்டி எதுவும் வரவில்லை, எல்லாம் தூய சிங்கள பௌத்த மேதைமை என்று எழுதுகிறவர்கள். அவர்களுக்கும் 'தூய' என்ற சொல்தான் பிடிக்கிறது. நானும் அவர்களும் ஒரே கடையில் வாங்கியிருக்கிறோம். தாரா தேரவாதத்தின் தேவதை அல்ல. அபயகிரி போன்ற விகாரைகள் மகாயானத்துக்கும் வஜ்ரயானத்துக்கும் கதவைத் திறந்து வைத்திருந்த காலத்தில் வந்தவள். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு சங்கங்களை மகாவிகாரை வழியில் ஒன்றாக்கிய பிறகு அந்தக் கதவு சாத்தப்பட்டது. அவலோகிதேசுவரராவது நாத தெய்வமாகப் பெயர் மாற்றிக்கொண்டு பிழைத்தார். தாராவுக்கு அந்த அதிர்ஷ்டமும் அவ்வளவாக இல்லை. ஆக இன்று இவளுக்காகச் சண்டை போடுகிற இரண்டு கட்சிகளில் எந்தக் கட்சியும் இவளைக் கும்பிடுகிற கட்சி அல்ல. ஒருவனுடைய சமயம் இவளை வெளியேற்றியது. இன்னொருவனுடைய சமயம் இவளை அறியாது.

இந்த இடத்தில் ஆனந்த குமாரசாமியை நினைத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத் தமிழ்ப் பரம்பரையில் வந்த சர் முத்துக் குமாரசாமிக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877இல் கொழும்பில் பிறந்தவர். 1908இல் அவர் எழுதியது இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய பெரும் புத்தகம். ஊர் ஊராகப் போய் கண்டிக் கைவினைஞர்களின் பட்டறைகளில் உட்கார்ந்து, கருவியின் பெயரும் கூலியின் கணக்கும் கேட்டு எழுதிய புத்தகம். தமிழரின் பிள்ளை சிங்களரின் கலையை எழுதலாமா என்று அன்று அவர் யோசிக்கவில்லை. அவருடைய முடிவுகளில் பலவற்றோடு எனக்கு உடன்பாடு கிடையாது. மரபைப் பற்றிய அவர் மயக்கம் பெரிது. ஆனால் அவர் முதலில் பட்டறைக்குப் போனார், பிறகு எழுதினார்.

நண்பரின் நான்காம் படிதான் ஆபத்தானது. சிலை கிடைத்த இடத்தைப் பற்றி நமக்கு வந்து சேர்ந்திருப்பது ஒரே ஒரு தொடர்: திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில். நேர்கோட்டில் அளந்தாலே நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த 'இடையில்' என்ற சொல்லுக்குள் ஒரு ஊர் இருந்தது. ஒரு விகாரையோ குகையோ இருந்தது. சுற்றி வேறு படிமங்கள், விளக்குகள், ஒருவேளை ஒரு கல்வெட்டு இருந்திருக்கலாம். கொண்டுபோனவர்கள் சிலையை மட்டும் கொண்டுபோகவில்லை. அதன் முகவரியையும் சேர்த்துத் தொலைத்தார்கள். பொன்னைவிடப் பெரிய களவு அது. அந்த ஓட்டையை இட்டு நிரப்பத்தான் எல்லோரும் 'பாணி'யைக் கொண்டு வருகிறோம். ஊர் தெரியாத சிலைக்குப் பாணியை வைத்து ஊர் கண்டுபிடிக்கிறோம். கண்டுபிடித்த ஊரை வைத்து நிலம் கேட்கிறோம்.

அந்தக் கரையின் உண்மை இவர்கள் யாருக்கும் சௌகரியமானதல்ல. திருகோணமலைக்கு வடக்கே திரியாயில் குன்றின்மேல் ஒரு பௌத்தத் தலம். அங்குள்ள பாறைக் கல்வெட்டின் மொழி சமஸ்கிருதம், லிபி பல்லவ கிரந்தம், அதில் பேசப்படுகிறவர்களில் ஒருவர் அவலோகிதேசுவரர். திருகோணமலைக்கு அருகிலேயே வெல்கம் விகாரை. சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்றும் பெயர். பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் கொடுத்தவர்களைத் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. தமிழ் பேசிய பௌத்தர்கள் அங்கே இருந்தார்கள். சிங்களம் பேசிய பௌத்தர்களும் இருந்தார்கள். சமஸ்கிருதத்தில் எழுதியவர்களுக்கு வீட்டில் என்ன மொழியோ. கடலோரத்து ஊர்கள் அப்படித்தான் இருக்கும். பௌத்தச் சின்னம் என்றால் சிங்களர் நிலம் என்று ஒருவர் சொல்வதும், பல்லவ பாணி என்றால் தமிழர் நிலம் என்று மற்றவர் சொல்வதும் ஒரே தர்க்கம். பட்டாவில் பெயர்தான் வேறு.

இது பண்டிதச் சண்டை என்று யாராவது நினைத்தால், 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுக்கென்று இலங்கை ஜனாதிபதி ஒரு செயலணி அமைத்ததை ஞாபகப்படுத்துகிறேன். இருமொழியும் பல மதமும் கலந்த அந்த மாகாணத்துக்கு அமைத்த குழுவில், அமைத்தபோது, ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. உடைந்த செங்கல் ஒன்று கிடைத்தால் வயலுக்கு வேலி வந்துவிடும் என்று அங்கே விவசாயி பயப்படுகிறான். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அவன் பக்கம்தான் நான். ஆனால் அவனுக்கு உதவுகிறேன் என்று கிளம்பிய நண்பர் எதிராளியின் விதியையே எடுத்து ஆடுகிறார். பழைய சின்னம் யாருடையதோ நிலமும் அவருடையது என்ற விதி. அந்த விதியை ஒப்புக்கொண்டால் சின்னம் அதிகம் தோண்டுகிறவன் ஜெயிப்பான். தோண்டுகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று நண்பருக்குத் தெரியாதா? உழுகிறவனுக்கு அவன் உழுகிற நிலத்தின்மேல் உள்ள உரிமைக்கு 8ஆம் நூற்றாண்டிலிருந்து சாட்சி தேவையில்லை. அவன் அங்கே வாழ்கிறான் என்பது போதும்.

சிலையைத் திருப்பித் தரவேண்டுமா என்ற கேள்வியும் இப்படித்தான். அந்தக் கோரிக்கை இலங்கையில் நெடுங்காலமாக உண்டு. அது நியாயமான கோரிக்கை என்பது என் அபிப்ராயம். பிரவுன்ரிக்கின் காலத்தில் எந்த அதிகாரத்தில் எப்படி எடுத்துப் போனார்கள் என்பதைப் பொறுத்துத் தீர வேண்டிய வழக்கு அது. சிலை பல்லவ பாணியா அநுராதபுர பாணியா என்பதற்கு அந்த வழக்கில் ஒரு வேலையும் இல்லை.

கடைசியாக, நம்மைப் பற்றி. 1959இல் 'எழுத்து' வந்த நாளிலிருந்து புதுக்கவிதைக்கு விழுந்த அடி எந்தச் சொல்லால் விழுந்தது? பாதிப்பு. எலியட்டின் பாதிப்பு, பவுண்டின் பாதிப்பு, மேல்நாட்டு இறக்குமதி. பிச்சமூர்த்தி விட்மனைப் படித்ததைத் தாமே சொன்னவர். அதைப் பிடித்துக்கொண்டு அவர் கவிதையை ஒரு வரிகூடப் படிக்காமல் தீர்ப்பு எழுதிய பண்டிதர்கள் எத்தனை பேர்! அன்று நாம் என்ன வாதாடினோம்? படித்தது எங்கிருந்தாவது வரட்டும், கவிதையில் என்ன நடந்திருக்கிறது என்று பார் என்றுதான் வாதாடினோம். தொண்டை கிழியக் கத்தினோம். அந்த வாதத்தால்தான் இந்த மாதிரிப் பத்திரிகைகள் பிழைத்து வந்தன. நமக்கு நியாயம் கேட்டபோது ஒரு தராசு. பெயர் தெரியாத ஒரு வார்ப்புக்காரனுக்கு நியாயம் சொல்லும்போது பண்டிதரின் தராசு. கவிதையில் பாதிப்பு வாதம் அசட்டுத்தனம் என்றால் வெண்கலத்திலும் அசட்டுத்தனம்தான்.

நண்பர் கோபித்துக்கொள்வார். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். உங்கள் கட்டுரையில் பல்லவர் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அந்த வலது கை ஒரு தடவைகூட வரவில்லை. என் பழைய கட்டுரையிலும் வரவில்லை. போய் எடுத்துப் பார்த்தேன்.

'தூய பல்லவ பாணி' என்று நான் எழுதியதை இதன் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இனி யாரும் அதை மேற்கோளாகக் காட்ட வேண்டாம். சிலையின் பாணி என்ன என்று கேட்டால் என்னிடம் இன்று இருக்கும் பதில் இவ்வளவுதான்: நகை இல்லாத பொன்மேனி, சற்றே சாய்ந்த இடுப்பு, எட்டுகிற உயரத்தில் நீட்டிய கை, பூ போன பிறகும் பூவைப் பிடித்திருக்கும் விரல்கள். இதற்குப் பெயர் வைக்க வேண்டுமானால் இதையெல்லாம் பார்த்த பிறகு வைக்கட்டும். எனக்கு அவசரமில்லை.